போவிட்டியா: பெயர் ஒன்று, செடி மூன்று

கேகாலை மாவட்டத்தின் மலைச்சரிவில் அமைந்துள்ள ஒரு புதிய குடியேற்றத்தில் எமது பெண்கள் குழு கூடியது. வீட்டு மருந்துச் செடிகளைப் பற்றி அன்று பேசுவதாக ஏற்பாடு. அவரவர் காணியில் தானாக முளைத்திருக்கும் ஒரு மருந்துச் செடியின் கொப்பை முறித்துக்கொண்டு வரும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தோம். வல்லாரை வந்தது. கீழ்க்காய்நெல்லி வந்தது. ஆடாதோடையும் வந்தது. அவற்றோடு மூன்று பேர் மூன்று கொப்புகளை மேசையில் வைத்து, மூவரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்: "போவிட்டியா."

மூன்று கொப்புகளும் ஒன்றையொன்று ஒத்திருந்தன; ஆனால் ஒன்றல்ல. ஒன்றில் சிறிய இலையும் ஊதாப் பூவும் இருந்தன. இன்னொன்றில் பெரிய இலை, பெரிய ஊதாப் பூ. மூன்றாவதில் சிறிய வெள்ளைப் பூவும் கருநீலப் பழமும். "எது அம்மாயி சரியான போவிட்டியா?" என்று ஓர் இளம் தாய் கேட்டார். குழுவில் மூத்தவரான அந்த அம்மா மூன்றையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க பழைய மலையில கஞ்சிக்குப் பறிச்சது இந்தச் சின்ன இலைதான் பிள்ளே. இந்த வெள்ளைப் பூவு அங்க இல்லவே இல்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே இக்கட்டுரையின் செய்தி அடங்கியிருக்கிறது. மண்சரிவாலும் வெள்ளத்தாலும் வேறு காரணங்களாலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களை மட்டும் இழக்கவில்லை. எந்த மலையில் எந்தச் செடி நிற்கும், எது கஞ்சிக்கு, எது விறகுக்கு என்று பரம்பரையாகச் சேர்த்த அறிவும் பழைய இடத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. புதிய காணிக்கு வந்ததும் பெயர் மட்டும் எம்மோடு வருகிறது, செடி மாறிவிடுகிறது. மருந்து என்று நினைத்து வேறொன்றைக் காய்ச்சிக் குடிக்கிறோம். களை என்று நினைத்து மருந்தைப் பிடுங்கி எறிகிறோம். ஆகவே இந்த மூன்று செடிகளையும் சரியாக இனங்காண்பது எப்படி, தாவரவியலாளர் அவற்றை எவ்வாறு வகுத்தனர், அந்த வகுப்பால் எமக்கு என்ன பயன் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

முதலில் இலையைப் பாருங்கள்

போவிட்டியாக் கொப்பு ஒன்றைக் கையில் எடுத்து, இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மா இலையிலும் பலா இலையிலும் நடுவே ஒரு தடித்த நரம்பு ஓடும். அதிலிருந்து சிறு நரம்புகள் இரு பக்கமும் பிரியும். போவிட்டியாவில் அப்படி அல்ல. காம்படியிலிருந்தே மூன்று, ஐந்து அல்லது ஏழு நரம்புகள் புறப்பட்டு, வில்லைப்போல வளைந்து, இலையின் நுனியில் போய்ச் சேருகின்றன. அவற்றுக்கிடையில் ஏணிப்படிகளைப்போலக் குறுக்கு நரம்புகள் இருக்கும். இலைகள் தண்டில் இரண்டிரண்டாக, எதிரெதிரே அமைந்திருக்கும்.

இந்த அடையாளம் ஒரு பெரிய குடும்பத்தின் முத்திரை. தாவரவியலில் அக்குடும்பத்துக்கு மெலஸ்டோமடேசியே என்று பெயர். உலகின் வெப்ப நாடுகளில் இதற்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இன்னும் ஒரு படி மேலே போனால், இக்குடும்பம் நாமெல்லோரும் அறிந்த வேறு மரங்களோடு ஒரே வருணத்தில் சேர்கிறது. கொய்யா, ஜம்பு, கேகாலை மாவட்டத்தில் பெருமளவில் விளையும் கராம்பு, மாதுளை, மருதோன்றி, கடுக்காய் யாவும் அந்த வருணத்தைச் சேர்ந்தவையே. ஆக, வேலியோரத்துப் போவிட்டியா கராம்பு மரத்தின் தூரத்து உறவு.

பள்ளிப் புத்தகங்களில் வரும் சில சொற்களை இங்கே விளக்கிவிடுவது நல்லது. பல குடும்பங்கள் சேர்ந்தது வருணம். ஒரு குடும்பத்துக்குள் பல சாதிகள். ஒரு சாதிக்குள் பல இனங்கள். இங்கே சாதி என்பது நாம் ஒழிக்கப் பாடுபடும் ஊர்ச்சாதி அன்று. மிக நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்கு விஞ்ஞானம் இட்ட பெயர் மட்டுமே. ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல் கொண்ட பெயர் உண்டு. முதற்சொல் சாதியைக் குறிக்கும். இரண்டாவது சொல் இனத்தைக் குறிக்கும்.

மூன்று செடிகளும் அவற்றின் அடையாளங்களும்

முதலாவது, ஹீன் போவிட்டியா. சிங்களத்தில் ஹீன் என்றால் சிறியது. இதன் விஞ்ஞானப் பெயர் ஒஸ்பெக்கியா ஒக்டான்ட்ரா. இது எமது நாட்டுக்குரிய சிறு பற்றைச் செடி. இலை சிறியது, ஒடுங்கியது. பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு. பூவை எண்ணிப் பார்த்தால் நான்கு இதழ்கள் இருக்கும். நடுவே எட்டுக் கேசரங்கள், எட்டும் ஒரே மாதிரி. ஒக்டான்ட்ரா என்ற சொல்லின் பொருளே எட்டுக் கேசரம் உடையது என்பதுதான். பூ உதிர்ந்ததும் அடியில் ஒரு சின்னக் குடம் போன்ற காய் நிற்கும். அது காய்ந்து, நுனியில் திறந்து, தூள் போன்ற விதைகளைச் சிந்தும். அதில் சாறு இல்லை; பிள்ளைகள் தின்பதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, மஹா போவிட்டியா, அதாவது பெரிய போவிட்டியா. விஞ்ஞானப் பெயர் மெலஸ்டோமா மலபாத்ரிக்கம். இதுவும் எமது நாட்டுச் செடிதான். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கூட வளர்கிறது. ஆளுயரத்துக்கு மேலும் போகும். இலை பெரியது, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். பூவும் பெரியது, பெரும்பாலும் ஐந்து இதழ்கள். கேசரம் பத்து, அவை இருவகை. ஐந்து மஞ்சளாகவும் குட்டையாகவும், மற்ற ஐந்து ஊதாவாகவும் நீண்டு வளைந்தும் இருக்கும். காய் பழுத்து வெடித்தால் உள்ளே கரு ஊதாச் சதை தெரியும். அதைத் தின்ற பிள்ளையின் வாயை அம்மா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவது, கட்டகளு போவிட்டியா என்று இன்று பலரும் அழைக்கும் செடி. இதன் விஞ்ஞானப் பெயர் கிளிடேமியா ஹிர்ட்டா. இது எமது நாட்டுச் செடி அன்று. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. தண்டு முழுவதும் செம்மை கலந்த முரட்டு மயிர். இலை சுருங்கி, மடிப்பு விழுந்தது போல இருக்கும். பூ சிறியது, வெள்ளை. பழம் கருநீலம், அதன் மேலும் மயிர் இருக்கும். இனிப்பாக இருப்பதால் பிள்ளைகளும் தின்பார்கள், குருவிகளும் தின்னும்.

நினைவில் வைக்க ஒரு சுருக்கம்: நான்கு இதழ், எட்டுக் கேசரம், உலர்ந்த குடக்காய் என்றால் ஹீன் போவிட்டியா. பெரிய ஊதாப் பூவும் வெடிக்கும் காயும் என்றால் மஹா போவிட்டியா. வெள்ளைப் பூவும் மயிர் நிறைந்த தண்டும் கருநீலப் பழமும் என்றால் வந்தேறிய கிளிடேமியா. பூ இல்லாத காலத்தில் ஐயம் வந்தால் பறிக்காதீர்கள், பூக்கும்வரை காத்திருங்கள். இலையை மட்டும் பார்த்து முடிவு செய்வதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். ஒஸ்பெக்கியா சாதியில் ஒக்டான்ட்ராவைத் தவிர வேறு இனங்களும் இலங்கையில் உள்ளன என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயர் வைத்தவர்களும் குழம்பினார்கள்

மூன்றையும் ஒரே பெயரால் அழைத்த எம் சகோதரிகள் வெட்கப்பட வேண்டியதில்லை. தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை உலகுக்குத் தந்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசும் இதையேதான் செய்தார்.

கதை இலங்கையிலிருந்தே தொடங்குகிறது. 1670களில் ஒல்லாந்தர் கம்பெனியின் வைத்தியராக இங்கு பணியாற்றியவர் பவுல் ஹேர்மன். அவர் எமது செடிகளைப் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டிச் சேர்த்தார். இந்நாட்டு மக்கள் சொல்லிக் கொடுத்த சிங்களப் பெயர்களையும் குறித்துக்கொண்டார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சேகரிப்பு கோப்பன்ஹேகன் நகரில் ஒரு மருந்து வணிகரிடம் கிடைத்தது. அவர் அதை லின்னேயசுக்கு அனுப்பினார். லின்னேயஸ் ஒருபோதும் இலங்கைக்கு வந்ததில்லை. அந்தக் காய்ந்த செடிகளை வைத்தே 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். ஹேர்மன் ஒட்டிய தாள்கள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன.

பின்னர் 1753இல் வெளிவந்த தமது பெருநூலில் லின்னேயஸ் நாம் மேலே கண்ட மூன்று செடிகளையும் மெலஸ்டோமா என்ற ஒரே சாதியில் வைத்தார். மெலஸ்டோமா என்பது கிரேக்கச் சொல். மெலாஸ் என்றால் கறுப்பு, ஸ்டோமா என்றால் வாய். சிங்களத்தில் கட்ட என்றால் வாய், களு என்றால் கறுப்பு. தமிழ்நாட்டில் மஹா போவிட்டியாவுக்கு நாக்குக் கறுப்பன் என்றொரு பெயர் உண்டு. கிரேக்கமும் சிங்களமும் தமிழும் ஒரே காட்சியைத்தான் பார்த்திருக்கின்றன: பழம் தின்ற ஒரு பிள்ளையின் வாய்!

ஆனால் அந்தப் பெயரிலேயே குழப்பமும் இருக்கிறது. வாயைக் கறுப்பாக்கும் செடி ஒன்றல்ல. கட்டகளு என்ற பெயரைச் சிலர் நாட்டுச் செடியான மஹா போவிட்டியாவுக்கும், வேறு சிலர் வந்தேறிய கிளிடேமியாவுக்கும் சொல்கிறார்கள். ஆகவே ஊர்ப்பெயரை மட்டும் நம்பி மருந்து எடுக்க முடியாது.

பின்வந்தவர்கள் பூவையும் காயையும் நுணுகிப் பார்த்து மூன்றையும் பிரித்தார்கள். 1823இல் டேவிட் டொன் என்பவர் அமெரிக்கச் செடியைக் கிளிடேமியா என்ற சாதியாக்கினார். 1828இல் டி கண்டோல் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் ஹீன் போவிட்டியாவை ஒஸ்பெக்கியா சாதிக்கு மாற்றினார். இந்த ஒஸ்பெக்கியா என்ற பெயரும் எமக்குச் சுவையானது. பேர் ஒஸ்பெக் என்பவர் லின்னேயசின் மாணவர்; 1750 முதல் 1752 வரை சீனாவுக்குச் சென்றுவந்த சுவீடன் கப்பலில் ஆன்மீகப் போதகராகப் பணியாற்றியவர். போன இடமெல்லாம் செடிகளைச் சேர்த்து ஆசிரியருக்குக் கொண்டுவந்தார். அந்த உழைப்புக்காகவே ஒரு சாதிக்கு அவர் பெயரை லின்னேயஸ் இட்டார். வேலியோரத்துச் சிறு செடி ஒன்று ஒரு போதகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வகைப்பாடு முடிந்துபோன காரியமும் அல்ல. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இன்றைய ஆய்வுகளின்படி கிளிடேமியாவை மிக்கோனியா என்ற பெருஞ்சாதிக்குள் சேர்த்துவிட்டார்கள். அதனால் புதிய நூல்களில் அதன் பெயர் மிக்கோனியா கிரெனாட்டா என்று இருக்கும். பெயர் மாறினாலும் வெள்ளைப் பூவும் மயிர்த் தண்டும் மாறவில்லை. எமக்கு அடையாளம் அதுவே.

மஞ்சள் கண்ணும் போவிட்டியாக் கஞ்சியும்

இலங்கையின் நாட்டு வைத்தியத்தில் ஹீன் போவிட்டியா இலை ஈரல் நோய்க்கும் மஞ்சட்காமாலைக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இளம் இலையை அரைத்துப் பிழிந்து, சிவப்பரிசிக் கஞ்சியில் சேர்த்துத் தேங்காய்ப்பாலுடன் குடிக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. 1980களிலிருந்து ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பரிசோதித்தார்கள். நச்சு இரசாயனத்தால் ஈரல் கெட்ட எலிகளுக்கு இவ்விலையின் சாற்றைக் கொடுத்தபோது ஈரலின் பாதிப்புக் குறைந்ததைக் கண்டார்கள். எம் பாட்டிமார் வெறும் நம்பிக்கையில் பேசவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால் இரண்டு விடயங்களை மனதில் வைக்க வேண்டும். முதலாவது, சோதிக்கப்பட்டது ஒஸ்பெக்கியா இலை. பெயர் ஒன்று என்பதால் மற்ற இரண்டு செடிகளுக்கும் அதே குணம் உண்டு என்று எண்ணக்கூடாது. வெள்ளைப் பூச் செடியை ஈரல் மருந்தாகக் குடிப்பது பெயரைக் குடிப்பதற்குச் சமம். இரண்டாவது, எலியில் கண்ட பயன் மனிதனின் எல்லா மஞ்சள் நோய்க்கும் மருந்தாகிவிடாது.

இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண் மஞ்சளாவது ஒரு நோய் அன்று. பல நோய்களின் அடையாளம். அசுத்தமான தண்ணீரால் பரவும் ஈரல் அழற்சியிலும் கண் மஞ்சளாகும். முகாம்களிலும் புதிய குடியேற்றங்களிலும் பீலித் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிப்போருக்கு அந்த ஆபத்து அதிகம். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். இரத்தினபுரி, கேகாலை இரண்டும் எலிக்காய்ச்சல் அதிகம் காணப்படும் மாவட்டங்கள். வயல் சேற்றிலும் மாணிக்கக் குழியிலும் வெள்ளம் வடிந்த நிலத்திலும் வேலை செய்வோரை அது பிடிக்கிறது. 2008ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் நோயாளராகப் பதிவானார்கள். ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள்.

எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு. நேரத்தோடு போனால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகமும் ஈரலும் கெட்டு உயிர் போகலாம். ஆகவே காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடும் நோவு, கண் சிவத்தல் அல்லது மஞ்சளாதல், சிறுநீர் குறைதல் அல்லது நிறம் மாறுதல் இவற்றில் எது கண்டாலும் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேற்றில் வேலை செய்வதை வைத்தியரிடம் சொல்லுங்கள். கஞ்சி குடித்துப் பார்த்து மூன்று நாள் கழித்துப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். வயலிலோ குழியிலோ இறங்குவதற்கு முன் தடுப்பு மாத்திரை எடுப்பது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். போவிட்டியாக் கஞ்சி நல்ல உணவு. ஆஸ்பத்திரிக்குப் பதில் அன்று. கர்ப்பிணிகளும் வேறு மருந்து எடுப்போரும் வைத்தியரைக் கேட்டே இதை எடுக்க வேண்டும்.

இலை பறிக்கும் இடத்தையும் கவனியுங்கள். களைநாசினி தெளித்த தேயிலை மலையிலோ ரப்பர் மலையிலோ, வாகனப் புகை படியும் பெருந்தெருவோரத்திலோ பறித்த இலையை வாயில் வைக்கக்கூடாது.

போவிட்டியா சொல்லும் மண் செய்தி

புதிய காணி கிடைத்தவர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்பது, "இந்த மண்ணில என்னங்க வரும்?" என்பதே. மண்ணில் தானாக முளைத்து நிற்கும் செடிகள் அதற்கு ஓரளவு விடை சொல்லும்.

கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் கெகில்ல எனப்படும் பன்னமும் மஹா போவிட்டியாவும் ஹீன் போவிட்டியாவும் அடர்ந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மேல்மண் கழுவுண்டு, சத்துக் குறைந்து, புளித்துப்போன மண்ணில் இவை தாக்குப்பிடிக்கும். அத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து பல பயிர்களின் வேரைக் கெடுக்கும். மஹா போவிட்டியா அந்த அலுமினியத்தைத் தன் இலைகளில் சேர்த்துவைத்துக்கொண்டே செழிக்கிறது. தேயிலைக்கும் அதே குணம் உண்டு.

இதிலிருந்து விவசாயி விளங்கிக்கொள்ள வேண்டியது என்ன? போவிட்டியா நிறைந்த நிலம் பெரும்பாலும் புளிப்பு நிலம். மண்ணின் புளிப்பை அளக்கும் அளவில் 4.5 முதல் 5.5 வரை தேயிலைக்கு உகந்தது. ஆனால் போஞ்சி, தக்காளி போன்ற மரக்கறிகள் அதைவிடப் புளிப்புக் குறைந்த மண்ணையே விரும்பும். டொலமைட் இட்டு, சாணமும் இலைக்குழையும் சேர்த்து மண்ணைத் திருத்திய பின்பே மரக்கறி நடுவது நல்லது. எவ்வளவு டொலமைட் என்பதைச் செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மண்ணைப் பரிசோதித்தே சொல்ல வேண்டும். உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

எதைப் பிடுங்குவது, எதை வைப்பது

கிளிடேமியாவின் ஒரு பழத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும். குருவிகள் அவற்றைக் காட்டுக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோகின்றன. நிழலிலும் வளரும் இச்செடி சிங்கராஜ வனம் போன்ற எமது மழைக்காடுகளுக்குள்ளும் புகுந்து, கீழே முளைக்கும் இளங்கன்றுகளை மூடிவிடுகிறது. பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவில் இச்செடி தோட்டங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடி விவசாயிகளுக்குப் பெரும் துன்பம் கொடுத்தது. அதைக் கட்டுப்படுத்த 1930இல் திரினிடாட் தீவிலிருந்து அதன் இயற்கை எதிரியான ஒரு சிறு பூச்சியைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் காணியில் கிளிடேமியாவைக் கண்டால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பழம் வருமுன் வேரோடு பிடுங்குங்கள். பழம் வந்துவிட்டால் பழக்கொப்புகளை முதலில் சாக்கில் சேர்த்து, ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். ஓடையில் எறிய வேண்டாம். உங்கள் களை கீழே இருப்பவரின் களையாகிவிடும். மண்ணில் விழுந்த விதை சில வருடங்கள் உயிரோடு கிடக்கும். ஆகையால் சில மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்க்க வேண்டும்.

சரிவான இடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். எந்தச் செடியானாலும் அதன் வேர் மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே நாளில் மலையை மொட்டையடித்தால் முதல் மழைக்கே மண் ஓடையில் இறங்கிவிடும். ஒரு வரிசை பிடுங்கி, அந்த இடத்தில் வெட்டிவேர் அல்லது சீமைக்கிளுவை நட்டு, அது பிடித்த பிறகு அடுத்த வரிசைக்குப் போங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பற்றைச் செடிகள் மேல்மண் அரிப்பைக் குறைக்கும். ஆழத்திலிருந்து பெயரும் மண்சரிவைத் தடுக்கமாட்டா. 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுப்பஹன தோட்டத்தில் லயத்துக் குடும்பங்கள் மண்ணில் புதைந்தன. மலை பச்சையாக இருக்கிறது என்பதால் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், புதிதாகக் கிளம்பும் கலங்கல் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

ஹீன் போவிட்டியாவை வீட்டோரத்தில் வைத்துக்கொள்ள விரும்புவோர், துப்புரவாக்கும் நிலத்திலிருந்து ஒரு சிறு கன்றை மண்கட்டியோடு எடுத்து நடலாம். ஒதுக்கப்பட்ட காடுகளிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதை அறிந்திருங்கள்.

வந்தது என்ற சொல்லைப் பற்றி

கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "வெளிநாட்டுச் செடின்னா பிடுங்கணும்னு சொல்றீங்க. எங்களையும் அப்படித்தானே சொன்னாங்க?" என்று கேட்டார். அக்கேள்வியை நாம் மதிக்கிறோம். 1948இல் எம்மவரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தின் வடு ஆழமானது. எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு செடியை வெறுக்கும்படி நாம் சொல்லவில்லை. எமக்குச் சோறு போடும் தேயிலை வெளியிலிருந்து வந்தது. ரப்பர், கிளிடேமியா பிறந்த அதே வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் மரவள்ளியும் அங்கிருந்து வந்தவையே. கிளிடேமியா மீது எமது முறைப்பாடு அது எங்கிருந்து வந்தது என்பதல்ல; பக்கத்தில் முளைக்கும் எதையும் வாழவிடாமல் மூடுகிறது என்பதே. செடிகளைப் பற்றிய இந்தப் பேச்சை மனிதருக்குப் பொருத்துவது பெரும் பிழை. மனிதர் எவரும் களை அல்லர். இந்த மலைகளை வெட்டித் திருத்தி, தலைமுறை தலைமுறையாக உழைத்து, இம்மண்ணிலேயே தம்மவரைப் புதைத்த மக்கள் இம்மண்ணின் மக்களே.

அரசன் சாலமோன் லெபனோனின் கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புப் பூண்டு வரை எல்லாச் செடிகளையும் பற்றிப் பேசினான் என்று வேதாகமம் சொல்கிறது. ஞானம் பெரிய மரத்தோடு நின்றுவிடவில்லை. சுவரோரத்துச் சிறு பூண்டு வரை வந்தது. புதிய காணியில் கால் வைத்திருக்கும் எமக்கும் அப்படியே. காணியின் எல்லைக்கல்லைப் பார்ப்பதோடு நில்லாமல், அதற்குள் நிற்கும் ஒவ்வொரு சிறு செடியையும் அதன் சரியான பெயரால் அறிந்துகொள்வோம். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை அழைத்துக் காணியைச் சுற்றிவந்து, அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதிவைப்போம். அப்போது பழைய மலையின் அறிவு புதிய மலையிலும் வேர் பிடிக்கும்.

குழுக்களில் கலந்துரையாட

1. உங்கள் காணியில் போவிட்டியா என்று நீங்கள் அழைக்கும் செடியின் பூவில் எத்தனை இதழ், எத்தனை கேசரம்? காய் உலர்ந்ததா, சாறுள்ளதா? அடுத்த கூட்டத்துக்கு பூவோடும் காயோடும் ஒரு கொப்பைக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள்.

2. காய்ச்சலோடு கண் மஞ்சளானால் உங்கள் குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? இரவில் யார் வாகனம் தருவார்? இதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

3. பழைய இடத்தில் நீங்கள் அறிந்திருந்து, புதிய இடத்தில் காணாத செடிகள் எவை? அவற்றைச் சட்டத்துக்கு உட்பட்டு இங்கே கொண்டுவந்து வளர்க்க வழி உண்டா?